பின்பக்கம் பார்த்து வாங்கு: எட்ருஸ்கன் ஊக்குகளைத் தேடி இத்தாலியில்

ரோம், வில்லா ஜூலியா

ரோமுக்கு வந்து இறங்கியதும் எல்லோரும் கொலோசியத்துக்கு ஓடுவார்கள். நாங்கள் வில்லா ஜூலியாவுக்குப் போனோம். மூன்றாம் ஜூலியஸ் என்ற போப்பாண்டவர் 1550களில் தனக்காகக் கட்டிக்கொண்ட தோட்ட மாளிகை அது. 1889 முதல் எட்ருஸ்கன் பொருள்களுக்கான அருங்காட்சியகம். ரோமாபுரி பெரிய ஆளாவதற்கு முன்னால் நடு இத்தாலியில் கொடிகட்டிப் பறந்தவர்கள் எட்ருஸ்கன்கள். டஸ்கனிக்கு அந்தப் பெயர் வந்ததே அவர்களால்தான்.

துணைக்கு மிலானில் படிக்கும் அக்கா மகள். "சித்தி, இவ்ளோ தூரம் வந்து சேஃப்டி பின்னா பாக்கப் போறீங்க?" என்றாள். ஆமாம், அதேதான். எங்கள் அப்பா பொன்வேலைக்காரர். கடை போய்ப் பல வருஷம் ஆகிறது என்றாலும் எந்த நகையைப் பார்த்தாலும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

ஃபிபுலா என்றால் துணியைக் குத்திப் பிடிக்கும் ஊக்கு. வில்லாக வளைந்த உடல், அதன் ஒரு முனையில் விறைப்பான சுருள், சுருளிலிருந்து நீளும் ஊசி, ஊசிமுனை வந்து உட்காரும் தகடு. அவ்வளவுதான் சமாச்சாரம். தைத்த சட்டை, பொத்தான் என்று எதுவும் பழகாத காலத்தில் தோளில் மேலாடை நிற்க இதுதான் வழி. வில்லின் வடிவத்தை வைத்து ஆய்வாளர்கள் வகை பிரித்திருக்கிறார்கள்: ரத்தம் குடித்த அட்டை போல நடுவில் பருத்தது ஒன்று, தோணி வடிவில் உட்குழிவானது ஒன்று, பாம்பாக நெளிவது ஒன்று. வெண்கலத்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தங்கத்தில் கொஞ்சம்.

இன்று நான் அதிக நேரம் நின்றது காஸ்தெல்லானி குடும்பத்தின் சேகரிப்புக்கு முன்னால். ஃபொர்த்துனாத்தோ பியோ காஸ்தெல்லானி 19ஆம் நூற்றாண்டில் ரோமில் பேர்பெற்ற பொற்கொல்லர். 1836இல் செர்வேத்தெரியில் ஒரு எட்ருஸ்கன் கல்லறை திறக்கப்பட்டு உள்ளேயிருந்து பொன்னாக வெளியே வந்தபோது அதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்புறம் அவருக்கும் பிள்ளைகள் அலெசாந்த்ரோ, அகுஸ்தோ இருவருக்கும் ஒரே பைத்தியம்: இதைப் போலவே செய்து காட்டவேண்டும்.

சிக்கல் எங்கே என்றால் பொடி மணிகளில். எட்ருஸ்கன் நகைகளின் மேல் கடுகைவிடச் சிறிய பொன்மணிகள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். வெங்காரம் (போராக்ஸ்) தூவி, பற்றாசு என்கிற ஒட்டு உலோகம் வைத்து ஊதினால் பற்றாசு உருகி மணிகளுக்கு இடையில் ஓடி நிரம்பிவிடும். மணி மணியாகத் தெரியாது, மேடாகத் தெரியும். அப்பா இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். காஸ்தெல்லானிகள் மார்க்கே மலைப்பகுதியில் உள்ள சாந்தாஞ்செலோ இன் வாதோ என்ற சிற்றூரில், குடியானவர்களுக்குப் பழைய பாணியில் நகை செய்துகொண்டிருந்த கைவினைஞர்களைக் கண்டுபிடித்து ரோமுக்கு அழைத்து வந்தார்கள். வெங்காரத்துக்குப் பதில் ஆர்சனிக் உப்புகளை வைத்துப் பார்த்தார்கள். பற்றாசை மாவு போல அராவிப் பார்த்தார்கள். நல்ல வேலைதான் வந்தது. ஆனால் மிக நுண்ணிய மணி வேலை தங்கள் கைக்கு எட்டவில்லை என்பதை அலெசாந்த்ரோ மறைக்கவில்லை.

இங்கே பழைய அசல்களும் அவர்கள் செய்தவையும் ஒரே அறையில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. காஸ்தெல்லானி வேலைக்கு முத்திரை உண்டு: ஆங்கில 'சி' எழுத்து இரண்டு, ஒன்றோடொன்று பின்னி. முத்திரையைப் பார்க்காமலே அடையாளம் சொல்ல இன்னொரு வழி இருக்கிறது. அவர்கள் வேலை ரொம்ப ஒழுங்கு. எட்ருஸ்கன் வரிசையில் ஒரு மணி சற்று விலகியிருக்கும், ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். இவர்களுடையதில் எல்லாம் அளவெடுத்த சீர். எனக்கு அந்தச் சீர் பிடிக்கவில்லை.

அகுஸ்தோவின் மகன் அல்ஃபிரெதோ 1919இல் இதையெல்லாம் அரசுக்குக் கொடுத்துவிட்டார். இதில் சில நகைகளை 2013இல் திருடர்கள் எடுத்துப்போய், பெரும்பாலானவை பிறகு மீட்கப்பட்டன. அசலைத் தேடிப் பிரதி செய்தவர்களின் பிரதியையே திருடும் அளவுக்கு மதிப்பு ஏறிவிட்டது!

மாலையில் நினைவுப்பொருள் கடைகளில் ஏறி இறங்கினோம். "எட்ருஸ்கன் ஃபிபுலா" என்று எழுதி வைத்திருந்ததை எடுத்துத் திருப்பினால் தட்டையான வார்ப்பு, அதன் பின்னால் பசையில் ஒட்டிய சாதாரண ப்ரோச் ஊசி. சுருளும் வார்ப்பிலேயே வந்தது, அசையாது. வைத்துவிட்டு வந்தோம்.

வத்திக்கான்

சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகும் கூட்டம் கிரிகோரியானோ எட்ருஸ்கோ பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நமக்கு நல்லதாகப் போயிற்று. 16ஆம் கிரிகோரி போப் 1837இல் தொடங்கிய பகுதி இது. முந்தின வருஷம் செர்வேத்தெரியில் கிடைத்த பொன்தான் அதற்குப் பெரிய பலம்.

கல்லறையைத் திறந்தவர்கள் ரெகொலீனி என்ற பாதிரியாரும் கலாசி என்ற தளபதியும். அதனால் கல்லறைக்கே ரெகொலீனி-கலாசி என்று பெயர் நின்றுவிட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளறையில் ஒரு சீமாட்டியைப் புதைத்திருந்தார்கள். கூடக் கிடைத்த வெள்ளிப் பாத்திரங்களில் லார்த்தியா என்ற பெயர் பொறித்திருக்கிறது.

அந்த அம்மாளின் ஃபிபுலாதான் நான் பார்க்க வந்தது. ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர். மேலே ஒரு பெரிய வட்டத் தகடு. அதில் ஐந்து சிங்கங்கள் நடக்கின்றன, பின்னாலிருந்து தட்டிப் புடைத்தெடுத்த வேலை. கீழே இலை வடிவத்தில் வில். இரண்டுக்கும் நடுவே குறுக்காக இரண்டு உருளைகள், கீல் போட்டு இணைத்தவை. கீழ்ப் பகுதியில் குட்டிக் குட்டி வாத்துகள் வரிசை வரிசையாகத் தகட்டின் மேல் எழுந்து நிற்கின்றன. முழு உருவ வாத்துகள். அவற்றுக்கு நடுவில் சிறகுள்ள சிங்கங்கள், உடல்கோட்டை மணிகள் விளிம்பு கட்டுகின்றன.

கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். பின்னால் ஊசி இருக்கிறது, அதைத் தாங்கும் தகடும் இருக்கிறது. இவ்வளவு பெரிய தகட்டை ஒரு பெண் தோளில் தாங்கி நடமாடியிருக்க முடியாது என்றும், சடங்குக்கோ சாவுக்கோ என்றே செய்தது என்றும் ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கீல் எதற்கு? சவத்தின் மேல் வைத்துப் புதைப்பதற்கு என்றால் ஒரே தகடாக அடித்துவிட்டுப் போயிருக்கலாமே. உடம்பு அசையும்போது நகையும் மடங்கவேண்டும் என்று நினைத்தவன்தான் கீல் போடுவான். தினம் போட்டாளா, வருஷத்துக்கு ஒருமுறை போட்டாளா என்பது வேறு கேள்வி.

செர்வேத்தெரி

வழியெல்லாம் வெயில், பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. பந்தித்தாச்சா இடுகாட்டில் வட்ட வட்டமான மண்மேடுகளுக்கு நடுவே தெருக்களே இருக்கின்றன. 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு. புடைப்பு வேலைக் கல்லறை என்று ஒன்று: சுவரெங்கும் கேடயம், கத்தி, கயிறு, அடுக்களைச் சாமான் எல்லாம் சுதையில் செய்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம்.

ரெகொலீனி-கலாசி கல்லறை இந்த வளாகத்தில் இல்லை. ஊருக்குத் தெற்கே சோர்போ என்ற இடத்தில் இருக்கிறது. பொன் முழுவதும் வத்திக்கானில். இங்கே கல்தான்.

ரோம், ஈயூஆர்

ரோம் நகரின் ஈயூஆர் பகுதியில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இன்று பார்த்தது ஒரே ஒரு ஊக்கு. அதைச் சுற்றி நடந்த சண்டை ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

பாலெஸ்த்ரீனா ஊரின் பழைய பெயர் பிரேனெஸ்தே. அங்கே கிடைத்ததாகச் சொல்லி, 1887இல் வொல்ஃப்காங் ஹெல்பிக் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு தங்க ஃபிபுலாவை அறிஞர் சபையில் காட்டினார். எட்ருஸ்கன் பாணி வேலை, ஆனால் ஊசியைப் பிடிக்கும் நீண்ட தகட்டில் வலமிருந்து இடமாக லத்தீனில் ஒரு வரி: மானியுஸ் என்னை நுமேரியுஸுக்காகச் செய்தான். கி.மு. 7ஆம் நூற்றாண்டு என்றால் நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் இதுவும் ஒன்று. பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

1980இல் கல்வெட்டு அறிஞர் மார்கெரித்தா குவார்துச்சி இதெல்லாம் போலி என்று எழுதினார். ஹெல்பிக்கும் பழம்பொருள் வியாபாரி ஒருவரும் சேர்ந்து, ரோமில் இருந்த கைதேர்ந்த பொற்கொல்லரை வைத்துச் செய்வித்தது என்பது அவர் வாதம். சும்மா சொன்னதல்ல. காஸ்தெல்லானி காலத்து ரோமில் பழைய நகையைச் செப்பனிடுவது, உடைந்த துண்டுகளை ஒட்டிப் புது நகையாக்குவது, பழசைப் பார்த்துப் புதிது செய்வது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. கம்பானா என்ற பிரபுவின் பெரிய சேகரிப்பு காஸ்தெல்லானி கைகளில் செப்பனிடப்பட்டு 1861இல் மூன்றாம் நெப்போலியனுக்கு விலைபோனது. அதில் எது பழசு, எது சேர்த்து ஒட்டியது என்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்துக்காரர்கள் பிற்பாடு உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2011இல் எதில்பெர்த்தோ ஃபொர்மிலியும் தானியேலா ஃபெர்ரோவும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துக் கீறல்களுக்கு உள்ளேயும் தங்கத்தின் மேற்பரப்பில் நுண்படிகங்கள் உருவாகியிருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தால் மட்டுமே அப்படி ஆகும். 19ஆம் நூற்றாண்டில் யாரும் போலி செய்ய வழியில்லை. அசல் என்று முடிவானது. ஃபொர்மிலி பழைய பொன்வேலை நுட்பங்களைக் கையால் செய்து பார்த்துப் பழகியவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பத்து சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள சின்னப் பொருள். அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எழுத்து முன்பக்கம் இல்லையே சித்தி, போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதே" என்றாள். சரியாகத்தான் பிடித்தாள். அது கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் மட்டும்.

கியூசி

ஃபுளோரன்ஸ் போகிற வழியில் கியூசியில் இறங்கினோம். அருங்காட்சியகத்தில் மனிதத் தலை மூடி போட்ட சாம்பல் கலசங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்குப் போனோம். அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பழைய பொருள்களின் பிரதி செய்து தருகிற பெரியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அட்டை வகை வெண்கல ஃபிபுலா ஒன்றை எங்கள் கண் முன்னாலேயே முடித்துக் காட்டினார். வார்ப்பை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார்: பத்தில் ஒரு பங்கு ஈயம் சேர்த்த செம்பு. ஈயம் என்றால் நம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம். மெழுகில் உருவம் பிடித்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியே விட்டு வார்த்தது. சுவாமிமலை ஸ்தபதிகளிடம் பார்க்கும் அதே முறை. வார்ப்பில் வந்திருந்தது பருத்த வில், அதன் ஒரு முனையில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டைக் கம்பி, மறுமுனையில் ஒரு மொட்டைத் தகடு. ஊசி எங்கே என்று கேட்டேன். அந்தக் கட்டைக் கம்பிதான் ஊசி என்றார்.

கம்பியைச் செக்கச் செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். இரும்பை இப்படிச் செய்தால் விறைக்கும். வெண்கலம் மெத்தென்று ஆகிவிடும். பிறகு சின்னப் பட்டடையில் வைத்துத் திருப்பித் திருப்பித் தட்டினார். ஐந்தாறு தட்டில் கம்பி நீளும், கூடவே கெட்டிப்படும். இன்னும் தட்டினால் வெடிக்கும், சத்தத்திலேயே தெரியும் என்றார். மறுபடி நெருப்பு, மறுபடி தண்ணீர், மறுபடி சுத்தி. கட்டை விரல் நீளம் இருந்தது கை நீளம் ஆனபோது நெருப்பை நிறுத்திவிட்டார். கடைசிச் சுற்று தட்டலுக்குப் பிறகு சூடு காட்டவே இல்லை. ஓர் இரும்புக் குச்சியின் மேல் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, மீதியை வில்லுக்கு அடியில் திருப்பிவிட்டார். மறுமுனைத் தகட்டை அடித்து விரித்து, ஓரத்தை மடித்தார். ஊசிமுனை அதில் போய் டக்கென்று உட்கார்ந்தது.

அந்த டக் சத்தம்தான் விஷயம். கடைசியாகத் தட்டியதில் ஏறிய விறைப்பு சுருளுக்குள் இருக்கிறது. அதைச் சூடாக்கினால் போயிற்று, ஊசி தொங்கும். தங்க நகை என்றால் மணி ஒட்டுவது, வாத்து ஒட்டுவது என்று நெருப்பு வேலை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் சுருளுக்கு வரவேண்டும். வேலையின் வரிசை முழுக்கப் பின்பக்கத்திலிருந்துதான் தீர்மானமாகிறது.

மணி வேலையையும் வெள்ளியில் சின்னதாகக் காட்டினார். வெள்ளிக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) கரித்தூள் ஓர் அடுக்கு, நறுக்கு ஓர் அடுக்கு என்று போட்டுக் காய்ச்சினார். ஆறவிட்டுக் கழுவினால் நறுக்குகள் உருண்டு மணிகளாகிக் கிடந்தன. சல்லடையில் சலித்து அளவு பிரிக்கவேண்டியதுதான் பாக்கி. ஒட்டும் ரகசியத்தைத்தான் காஸ்தெல்லானிகள் தேடினார்கள். 1933இல் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பச்சை நிறச் செம்பு உப்பை நுணுக்கிப் பசையில் குழைத்து மணிகளை ஒட்டவேண்டும். காய்ச்சும்போது பசை கரியாகும். அந்தக் கரி 850 டிகிரி வாக்கில் செம்பு உப்பைச் செம்பாக மாற்றும். 890 டிகிரிக்குப் பக்கத்தில் அந்தத் துளிச் செம்பு தொடும் இடத்துத் தங்கத்தோடு சேர்ந்து உருகும். தங்கம் உருகவோ 1064 டிகிரி வேண்டும். ஆகவே மணி மணியாகவே நிற்கும், தொட்ட புள்ளியில் மட்டும் பிடிக்கும். தனியாகப் பற்றாசே கிடையாது. எட்ருஸ்கன் பொற்கொல்லனும் இதைப் போன்ற ஒன்றைத்தான் செய்திருப்பான் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

நான் அந்த வெண்கல ஃபிபுலாவையே விலைக்குக் கேட்டேன். வில்லின் உட்பக்கம் தன் முத்திரையை அடித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். முத்திரை இல்லாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லையாம். நாலு வருஷம் மண்ணில் புதைத்து எடுத்தால் யாராவது இதைப் பழசு என்று விற்றுவிடுவான் என்று சிரித்தார்.

ஃபுளோரன்ஸ்

தொல்பொருள் அருங்காட்சியகத்தில் வேதுலோனியா பொன். அந்த ஊர் எங்கே இருந்தது என்பதே மறந்துபோய், இசிதோரோ ஃபால்கி என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேடிக் கண்டுபிடித்தார். லித்தோரே கல்லறையிலிருந்து வந்த தங்க ஃபிபுலாக்கள் அட்டை வடிவம்தான். வில்லின் மேல் விலங்கு உருவங்கள். எட்டி நின்று பார்த்தால் யாரோ மங்கலாக வரைந்தது போலத் தெரிகிறது. கிட்டே போனால் அந்த உருவம் முழுவதும் மணி. மணி என்று சொல்வதே தப்பு, தூசி. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு. இந்த வகைக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயரும் தூசி வேலை என்பதே.

நேற்று வெள்ளி மணிகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்காவிட்டால் இது எவ்வளவு பெரிய வேலை என்று உறைத்திருக்காது. கண்ணாடியில்லாமல், பூதக்கண்ணாடியில்லாமல், எண்ணெய் விளக்கு வெளிச்சமோ பகல் வெளிச்சமோ எதையோ வைத்துக்கொண்டு வளைந்த பரப்பின் மேல் இதைப் பரப்பி, ஒன்றும் உருகாமல் நெருப்பிலிருந்து எடுத்திருக்கிறான். பிரதி செய்பவர்கள் இன்று ஓரளவு நெருங்கிவிட்டார்கள். விலை கேட்டால் அசலையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

வெருக்கியோ

ரிமினியிலிருந்து மேலே ஏறவேண்டிய மலையூர். அம்பர் என்ற, கல்லாய் இறுகிய மரப்பிசினுக்குப் பேர்போன இடம். பால்டிக் கடலோரத்திலிருந்து வந்த அம்பரை இங்கே இழைத்து, வெண்கல ஃபிபுலாவின் வில் முழுவதையும் மூடியிருக்கிறார்கள். வில் தெரியாது, தேன் நிறக் கட்டிதான் தெரியும்.

நான் வந்தது துணிக்காக. இங்கே லிப்பி 89 என்ற கல்லறையில், கி.மு. 700 வாக்கில் இருந்த ஒரு பெரிய மனிதருடைய கம்பளி மேலாடைகள் மக்காமல் கிடைத்தன. இத்தாலியில் இது ரொம்ப அபூர்வம். அரைவட்ட வடிவம்; ஓரத்தில் சின்னப் பலகைகளைத் திருப்பித் திருப்பி நெய்யும் பட்டைக்கரை. அதே கல்லறையின் மரச் சிம்மாசனத்தில் பெண்கள் கம்பளி வேலை செய்யும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தத் துணியைப் பார்த்த பிறகுதான் வில் ஏன் அவ்வளவு உயரமாக வளைகிறது என்பது புரிந்தது. மெல்லிய துணிக்கு அந்த வளைவு தேவையே இல்லை. தடித்த கம்பளியைக் கொத்தாகச் சேர்த்துக் குத்தினால் அந்தக் கொத்து உட்கார இடம் வேண்டும்.

வெளியே திண்ணையில் உட்கார்ந்து, கியூசியில் வாங்கிய ஃபிபுலாவை வைத்துச் சோதனை செய்தோம். என் பருத்தி துப்பட்டாவில் குத்தினால் ஊசி இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பாரம் தாங்காமல் முன்னால் கவிழ்ந்தது. அக்கா மகளின் கம்பளிச் சால்வையை நாலு மடிப்பாகச் சேர்த்துக் குத்தியதும் நிமிர்ந்து நின்றது. இழைகள் விலகி வழிவிட்டன. எடுத்த பிறகு தேய்த்துவிட்டால் ஓட்டையும் மறைந்தது. மலைக்காற்றில் அப்படியே ஊரைச் சுற்றினாள், கழலவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் திறந்து மூடிப் பாருங்கள். ஊசியும் சுருளும் வில்லும் ஒரே உலோகமாகத் தொடர்கிறதா, கையை எடுத்ததும் ஊசி தானாக எழும்புகிறதா என்று பார்த்தால் போதும். பட்டுப்புடவைக்கு வேண்டாம். பிரதி என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1909 முதலே இத்தாலியில் மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் அரசுச் சொத்து. நல்ல பிரதியாக இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரலாம். கைப்பையில் வேண்டாம், ஊசி நீளம், பெட்டியில் போடுங்கள் என்று அக்கா மகள் சொல்கிறாள். அவள் சால்வையிலிருந்து இன்னும் கழற்றித் தந்தபாடில்லை.